நீதிமன்றத் தண்டப்பணம்: பெயிலிஃப் வாசலுக்கு வந்துவிட்டார், என்ன செய்வது?

ஹரோ வாசி, 2023 நவம்பர் 11

லண்டனில் இருக்கிறேன். புதன்கிழமை நான் வேலையில் இருந்தபோது, பாக்கிப் பணத்தை வசூலிக்க வரும் பெயிலிஃப் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் அம்மா மட்டும்தான். வயது 71, ஆங்கிலம் தெரியாது. சங்கிலியைக் கழற்றாமல் கதவிடுக்கால் பார்த்து, "மகன் வேலைக்குப் போய்விட்டான்" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர் ஒரு துண்டுக் கடிதத்தைத் தபால் துவாரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதில் 1,324 பவுண்டு கட்ட வேண்டும் என்று இருந்தது.

நீதிமன்றத்துக்குத் தொலைபேசியில் பேசியபோதுதான் விவரம் புரிந்தது. கேமராவில் என் கார் வேகமாகப் போனது பதிவாகியிருக்கிறது. ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்ட கடிதம், வழக்குக் கடிதம், தீர்ப்பு எல்லாமே ஈஸ்ட்ஹாமில் இருந்த பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன. வீடு மாறியபோது லைசென்சில் முகவரியை மாற்றினேன், காரின் பதிவுச் சான்றான லாக்புக்கில் மாற்ற மறந்துவிட்டேன். கடிதங்களுக்குத் தெரியாத என் புதிய முகவரியை பெயிலிஃப் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த முறை வந்தால் அம்மா கதவைத் திறக்கலாமா?

ஈஸ்ட்ஹாம் மாமா

தம்பி, திறக்கவே வேண்டாம். எனக்குக் கவுன்சில் வரி பாக்கிக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பேசினேன், திரும்பிப் போய்விட்டார்கள். பூட்டை உடைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கடனுக்கு 60 நாள் அவகாசம் தரும் 'பிரீதிங் ஸ்பேஸ்' திட்டமும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இரவு ஷிப்ட்

மாமா மன்னிக்க வேண்டும், இரண்டுமே இவருக்குப் பொருந்தாது. கடன் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். இந்தக் குழப்பத்தை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கவுன்சில் வரிக்கும் பார்க்கிங் அபராதத்துக்கும் மாமா சொன்னது சரி. இது மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த குற்றவியல் தண்டப்பணம். இதற்குக் கடைசி வழியாகப் பலவந்தமாக உள்ளே நுழையச் சட்டமே இடம் தருகிறது. பிரீதிங் ஸ்பேஸில் குற்றத்துக்கான தண்டப்பணம் சேராது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வருமானம் தெரியாததால் வாரம் 440 பவுண்டு என்று அவர்களே வைத்துக்கொண்டு, அதில் ஒன்றரை மடங்கு, 660 போட்டிருப்பார்கள். அதன் 40 சதவீதம், 264, கூடுதல் கட்டணம். வழக்குச் செலவு 90. ஆக 1,014. மீதி 310 பெயிலிஃபின் கட்டணம்: கோப்பு கைக்கு வந்ததும் 75, வாசற்படி ஏறியதும் 235.

நீங்கள் பார்க்க வேண்டியது கதவை அல்ல, தேதியை. வழக்கு நடந்ததே தெரியாது என்று சத்தியப் பிரகடனம் செய்யலாம். ஆங்கிலத்தில் 'ஸ்டாச்சுட்டரி டிக்ளரேஷன்' என்பார்கள். தெரிந்த நாளிலிருந்து 21 நாள். புதன் என்றால் நவம்பர் 29 வரை. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு செல்லாததாகும், பெயிலிஃபிடமிருந்து வழக்கும் திரும்பப் போகும். ஆனால் குற்றச்சாட்டு மறையாது, முதலிலிருந்து தொடங்கும். லாக்புக்கை ஏன் மாற்றவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள்.

அம்மாவைப் பற்றி: ஆங்கிலம் புரியாதவர்களையும் முதியவர்களையும் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களாக இருக்கலாம் என்று 2014 இன் தேசிய நெறிமுறை சொல்கிறது. அம்மா தனியாக இருப்பார் என்பதை பெயிலிஃபை அனுப்பிய நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் சாட்சி இருக்காது.

கும்பகோணத்தான்

எங்கள் ஊரில் அமீனா வருகிறார் என்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். இதற்காக நீதிமன்றத்துக்கு அலைவதை விட 1,324 ஐக் கட்டித் தலைமுழுகலாமே?

இரவு ஷிப்ட்

பணம் போகும், ஓட்டியவர் யார் என்று பதில் தராததற்காக லைசென்சில் விழுந்த 6 தண்டனைப் புள்ளிகள் போகாது. காப்புறுதிக்காரர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத் தொகையை ஏற்றும்போதுதான் வலிக்கும். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் லைசென்சே ரத்தாகும். ஹரோ வாசி, எப்போது எடுத்தீர்கள்?

ஹரோ வாசி

2011 இல். அந்த ஆபத்து இல்லை. காரை என்ன செய்வது? வாசலில்தான் நிற்கிறது.

இரவு ஷிப்ட்

அவர்கள் முதலில் பூட்டுப் போடுவது காருக்குத்தான். பூட்டுப் போட்டபின் நீங்கள் தொட்டால் அது தனிக் குற்றம்.

ஹரோ வாசி, 2023 நவம்பர் 30

காரை மச்சான் வீட்டுக் கராஜில் விட்டேன். மின்னஞ்சலுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது, பிறகு யாரும் வரவில்லை. 27ஆம் தேதி நீதிமன்றத்தில் பிரகடனம் செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஈஸ்ட்ஹாம் வாடகை ஒப்பந்தம் முடிந்த கடிதத்தையும் புதிய வீட்டின் மின் கட்டண ரசீதையும் எடுத்துப் போயிருந்தேன், ஒன்றையும் கேட்கவில்லை. லாக்புக்கைப் பற்றி மட்டும் கேட்டார்கள். மறந்துவிட்டேன் என்ற உண்மையையே சொன்னேன். தீர்ப்பு ரத்து. புதிய விசாரணைத் தேதிக் கடிதம் வரும் என்றார்கள், இந்த முறை ஹரோ முகவரிக்கு.