சத்திரசிகிச்சை படிக்கிற பிள்ளையளின்ர யோசனையை எப்பிடி மதிப்பிடுறது?

வலிகாமம்_மிருகவைத்தியர்:
பேராதனை மிருக வைத்திய பீடத்திலயிருந்து பயிற்சிக்கு யாழ்ப்பாணம் வாற இறுதியாண்டுப் பிள்ளையள் முடிச்சு, தையல் எல்லாத்திலயும் கெட்டிக்காரர். "ஏன் இப்பவே வெட்டவேணும்?" எண்டு கேட்டாத்தான் தடுமாறுகினம். செக்லிஸ்டில இது பிடிபடாது. ஆளுக்கு 20 நிமிசத்துக்குள்ள அளக்க வழி இருக்கோ?

தென்மராட்சி_ஆடுமாடு:
கேஸைத் துண்டுதுண்டாக் குடுங்கோ. ஒவ்வொரு தாளுக்கும் முடிவை எழுதி வாங்கினாப் பிறகுதான் அடுத்த தாள்.

எங்கட பக்கத்துக்குச் சலம் அடைச்ச கிடாய் நல்லாப் பொருந்தும். முதல் தாளில வளத்தவர் சொன்னமாதிரியே எழுதுங்கோ: சின்னனில விதையெடுத்த கிடாய், தவிடு கூடத் தின்னுறது, ரெண்டு நாளா முக்குது, மலச்சிக்கலாம். "சலம் போகேல்லை" எண்டு நீங்களே எழுதினா விடையில பாதி போச்சு. சலத்தைப் பற்றிக் கேக்காமல் பேதி மருந்துக்குப் போறவர் இதிலயே தெரிஞ்சிடுவார்.

ரெண்டாம் தாளில சோதனை. ஆண்குறியை வெளியில எடுத்து, நுனியில இருக்கிற புழுப்போன்ற நீட்டைப் பாக்கவேணும். சலக்கல் அதில நிண்டா வெட்டிவிட உடன சலம் வரலாம். மேலயும் கல் இருந்தாத் திரும்ப அடைக்கும். மயக்கத்துக்கு சைலசீன் எழுதினவரிட்ட காரணம் கேளுங்கோ. அது சலத்தைக் கூட்டும், அடைச்ச சலப்பையில அழுத்தம் ஏறும்.

மூண்டாம் தாள்தான் முக்கியம்: முக்கிறது நிண்டிட்டுது, வயிறு பெருத்திருக்கு, ஆடு சோர்ந்துபோச்சு. "சுகமாகுது" எண்டு ஒருவர் எழுதுவார், "சலப்பை வெடிச்சிட்டுது" எண்டு இன்னொருவர். வயித்துநீர்க் கிரியேட்டினின் (சலத்தோட வெளியேறுற கழிவு) இரத்தத்தில உள்ளதைவிட ரெண்டு மடங்கோ கூடவோ எண்டாச் சந்தேகமில்லை. அப்பவும் நேரா மேசையில ஏத்திறவருக்குப் புள்ளி குறையுங்கோ: பொட்டாசியம் ஏறியிருந்தா மயக்கத்திலயே இதயம் நிண்டிடும். வயித்துநீரை வடிச்சு, சேலைன் ஏத்தி, பிறகுதான் கத்தி.

சத்திரசிகிச்சை_விரிவுரை:
நல்ல கேஸ். ஆனா ஒரு கேஸில வெளுத்து வாங்கினவர் அடுத்ததில சறுக்குவார், அதால ஒண்டை வைச்சு பாஸ், பெயில் போடாதேங்கோ. பக்கத்தில ஸ்கிரிப்ட் கொன்கோர்டன்ஸ் கேள்வியளும் வையுங்கோ, அதாவது புதுத் தகவல் ஒண்டு வந்தாப் பிள்ளையின்ர யோசனை அனுபவசாலியளின்ர மாதிரி மாறுதோ எண்டு பாக்கிற கேள்வியள். உதாரணம்: 8 வயசுப் பெட்டை நாய், ஹீற் (பருவம்) முடிஞ்சு 6 கிழமை, தண்ணி கூடக் குடிக்குது. கருப்பையில சீழ் எண்டு நினைக்கிறீர். யோனியில ஒழுக்கு இல்லையெண்டு தெரியவருது. உம்மட சந்தேகம் கூடுதோ, குறையுதோ? -2 (நல்லாக் குறையுது) தொடக்கம் +2 (நல்லாக் கூடுது) வரை.

அனுபவமுள்ள 10 - 15 பேரை முதலில செய்யவையுங்கோ. 10 பேரில 6 பேர் 0 போட்டா, 0 போடுற பிள்ளைக்கு 1 புள்ளி. 3 பேர் -1 போட்டா, -1 போடுற பிள்ளைக்கு 3/6, அதாவது 0.5. ஒரு ஓட்டை இருக்கு: எல்லாத்துக்கும் நடுவில போட்டே பிள்ளையள் தப்பலாம். குழுவின்ர விடை -2 இலயோ +2 இலயோ விழுற கேள்வியளையும் கட்டாயம் கலவுங்கோ.

வலிகாமம்_மிருகவைத்தியர்:
நன்றி டொக்டர்மார். முடிவு சரி, காரணம் பிழை எண்டா?

தென்மராட்சி_ஆடுமாடு:
ரெண்டுக்கும் தனித்தனிப் புள்ளி. "எது தெரியவந்தா இந்த முடிவை மாத்துவீர்?" எண்டு ஒவ்வொரு தாளிலயும் அச்சடிச்சு விடுங்கோ. சும்மா ஊகிச்சவர் அதில ஒண்டும் எழுதமாட்டார். "வடிவா யோசிச்சனீரோ?" எண்டு மட்டும் வாய்விட்டுக் கேட்டிடாதேங்கோ, பிழையெண்டு விளங்கி உடன மாத்திப்போடுவினம்.