கருவேல விறகு அறுக்க 32 சிசி செயின் சா போதுமா, 58 சிசி வேண்டுமா?

கண்மாய்க்கரை:
கமுதிப் பக்கம் நாலு ஏக்கர் தரிசாகக் கிடந்து முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. ஆள் விட்டு வெட்டினால் விறகு விற்ற காசு கூலிக்கே சரியாகிறது. நானே அறுத்து, வீட்டுக்குப் போக மிச்சத்தைக் கரிமூட்டத்துக்குப் போடலாம் என்று எண்ணம். கடையில் 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போட்ட மெஷினைக் காட்டி, “இதுதான் பவர்” என்கிறார்கள். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 வெறும் 31.8 சிசி, விலை மட்டும் கூட. சின்ன மெஷினுக்கு ஏன் அதிகக் காசு? மரமெல்லாம் கை மொத்தம், மிஞ்சினால் தொடை மொத்தம். வரப்பில் பட்டுப்போன புளி ஒன்று நிற்கிறது, அதை மட்டும் இரண்டு பேர் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்க முடியும்.

முள்ளுக்காட்டான்:
தம்பி, நான் முதலில் வாங்கியதே அந்த 58 சிசிதான். கருவேலம் அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்து படுத்து வளரும். முள்ளுக்குள் குனிந்துதான் அறுக்கணும். பெட்ரோல் ஊற்றி வீட்டுத் தராசில் வைத்தேன், ஏழு கிலோ தாண்டியது. மதியச் சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. மூன்றாம் நாள் பார் மூக்கு பின்னால் இருந்த கிளையில் இடித்து, மெஷின் முகத்துக்கு நேராக எகிறியது. செயினைச் சட்டென நிறுத்தும் பிரேக் வேலை செய்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் சொன்ன 180 தான், 14 இஞ்ச் பார். தொடை மொத்தத்துக்கு அது தாராளம். சிசியை விடச் செயின் கூர்தான் விறகு அறுக்கும். தூள் செதில் செதிலாக விழுந்தால் சரி, மாவாகப் பறந்தால் செயின் மொட்டை. நான் டேங்க் காலியாகும்போதெல்லாம் 4 மில்லிமீட்டர் அரத்தால் பல்லுக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிடுவேன். அடிப்பட்டையில் மண் ஒட்டியிருக்கும், அரிவாளால் செதுக்கிவிட்டு வையுங்கள். தரையை ஒரு தடவை தொட்டால் போதும், கூர் போச்சு. அப்புறம், பச்சையிலேயே துண்டு போட்டுவிடுங்கள். காய்ந்த கருவேலம் இரும்பு.

கண்மாய்க்கரை:
சரி அண்ணே, 180 என்றே வைத்துக்கொள்கிறேன். புளிக்கு என்ன செய்ய? பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்கணும்?

பட்டறைக்காரன்:
நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 50:1, லிட்டருக்கு 20 மில்லி. ஆனாலும் மெஷினோடு வரும் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பைக் இஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். எங்கள் பட்டறைப் பையன் ஒருநாள் ஞாபகமில்லாமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான், பிஸ்டன் முழுக்கக் கோடு. இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. அறுப்பு முடிந்தால் டேங்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கார்புரேட்டரைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வருவீர்கள்.

முள்ளுக்காட்டான்:
ஒரு புளிக்காகப் பெரிய மெஷின் வாங்காதீர்கள். 70 சிசிக்கு மேல் வைத்திருக்கும் அறுப்புக்காரரை ஒருநாள் கூப்பிடுங்கள், பட்ட மரத்தைச் சாய்க்கத் தெரிந்தவராக. அடித்துண்டில் பொந்து இல்லையென்றால் அதை விறகாக்கிவிடாதீர்கள். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியைத்தான் தேடுவார்கள், விறகு விலையைவிடக் கூடவே கிடைக்கும்.