மறுமொழி: எண்ணெய் விலையில் ‘ரிஸ்க் பிரீமியம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். எண்ணெய்ச் செய்திகளில் வரும் ‘ரிஸ்க் பிரீமியம்’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கும், அதற்கு வந்த பரிந்துரைகளுக்கும் இது என் பதில்.

> ‘இடர் பிரீமியம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா, எல்லாருக்கும் புரியுமே.

பிரீமியம் என்றால் நமக்குக் காப்பீட்டுக்குக் கட்டுகிற பணம்தான் நினைவுக்கு வரும். எண்ணெய்ச் செய்திகளில் அந்தப் பிரீமியமும் வருகிறது என்பதுதான் சிக்கல். ஈரான் விவகாரம் சூடானால், பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகும் கப்பல்களுக்குப் போர்க்காப்பீட்டுப் பிரீமியம் ஏறும். அது கப்பல்காரர் கையிலிருந்து போகும் செலவு. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. வரத்து ஒரு பீப்பாய்கூடக் குறையாதபோதே, நாளைக்குக் குறைந்துவிடலாம் என்ற கணக்கில் சந்தை விலையோடு சேர்ந்துகொள்ளும் தொகை அது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் திண்டாடுவார்.

2025 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். 12ஆம் தேதி, உலகச் சந்தையில் விலைக்கு அளவுகோலாகக் கொள்ளும் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 69 டாலரை ஒட்டி இருந்தது. மறுநாள் இஸ்ரேல் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியது. ஒரு வாரத்துக்குள் விலை 79ஐ நெருங்கிவிட்டது. 22ஆம் தேதி ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய ஈரானிய அணு நிலையங்கள் மூன்றிலும் அமெரிக்கா குண்டு வீசியது. அடுத்து சந்தை திறந்ததும் 81 டாலரைத் தாண்டியது. அப்புறம் ஈரான் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஏவுகணை வீசியது. எண்ணெய்க் கட்டமைப்பில் அது கை வைக்கவில்லை என்று தெரிந்த கணமே விலை சரிந்தது. 24ஆம் தேதி போர்நிறுத்தம் வந்தபோது விலை 67 டாலர் பக்கம், அதாவது போருக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு! இத்தனைக்கும் நடுவில் ஹோர்முஸ் மூடப்படவே இல்லை. உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏறி இறங்கிய அந்தப் பத்துப் பன்னிரண்டு டாலருக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். ‘ஈரான் பதற்றத்தால் எண்ணெய் விலை உயர்வு’ என்று மட்டும் எழுதினால், எங்கோ வரத்து நின்றுவிட்டதாகவே படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

> ‘அச்ச மிகைவிலை’?

மிகைவிலை என்றதும் யாரோ அநியாயமாக ஏற்றி விற்பதுபோல் தொனிக்கிறது. அச்சமும் பொருந்தவில்லை. வணிகர்கள் வெறுமனே பயந்துபோய் விலை சொல்வதில்லை. நீரிணை மூடப்பட எவ்வளவு வாய்ப்பு, மூடினால் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

என் பரிந்துரை: பதற்றக்கூடுதல். நாடுகளுக்கிடையே உள்ள நிலையைப் பதற்றம் என்று சொல்வது நாளிதழ்களில் ஏற்கெனவே பழகிய வழக்கு. பங்கு, கடன் பத்திரம் என்று நிதித்துறை முழுமைக்கும் பொதுச்சொல்லாக ‘இடர்க்கூடுதல்’ இருக்கட்டும். அதன் ஒரு வகை இது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘போர்நிறுத்தச் செய்தி வந்ததும் பதற்றக்கூடுதல் கரைந்தது’, ‘இப்போதைய விலையில் பதற்றக்கூடுதல் எவ்வளவு?’ – இரண்டும் தடங்கலின்றி வருகின்றன.

சரி, எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டு, அந்நாட்டு உற்பத்தியில் பாதி நின்றுபோனது. அந்த விலையேற்றத்தில் உண்மையான தட்டுப்பாடும் கலந்திருந்தது. 2012லும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெய்க்குத் தடை அறிவித்தபின், மார்ச்சில் பிரென்ட் 125 டாலரைத் தாண்டியது. ஜூலை 1 முதல் தடை முழுமையாக நடப்புக்கு வந்து, ஈரானின் ஏற்றுமதியே சுருங்கியது. இத்தகைய இடங்களில் முழு ஏற்றத்தையும் பதற்றக்கூடுதல் என்று எழுதினால் தவறு.

கப்பல்காரர் கட்டுவதைப் ‘போர்க்காப்பீட்டுக் கட்டணம்’ என்று பட்டியலில் தனிப்பதிவாக ஏற்றலாம். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள்.