பூனை உள்ள வீட்டில் ஃபினாயில், அந்துருண்டை, எலி மருந்து: எவற்றை அப்புறப்படுத்த வேண்டும்?

மிளகுக்கொடி (ஏற்காடு):
வணக்கம். காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். மிளகு மூட்டைகளுக்கு எலித் தொல்லை இருப்பதால் பூனை ஒன்று வளர்க்கிறோம். எடை நாலு கிலோவுக்குள்தான் இருக்கும். மழைக்காலத்தில் தரை பூசணம் பூப்பதால், கருப்பு ஃபினாயில் ஊற்றித் துடைப்பது எங்கள் வழக்கம். சென்ற வாரம் அந்த ஈரம் காய்வதற்குள் பூனை அதன்மேல் நடந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாதங்களை நக்கியது. மாலையில் எச்சில் ஒழுகத் தொடங்கியது. சோற்றை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டது. நாக்கின் ஓரம் புண்ணாகியிருந்தது. சேலத்தில் மருத்துவரிடம் காட்டியபின் தேறிவிட்டது. அலமாரியில் அந்துருண்டை, பூஜையறையில் கற்பூரம், மருந்துப் பெட்டியில் காய்ச்சல் மாத்திரை, தோட்டத்தில் லில்லிப் பூக்கள் என்று இன்னும் பல இருக்கின்றன. இவற்றில் எவை உண்மையிலேயே ஆபத்தானவை? இரவில் ஏதேனும் நேர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும் என்பதால் முன்னதாகவே கேட்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் (அஸ்தம்பட்டி):
நீங்கள் சொன்னவற்றுள் காய்ச்சல் மாத்திரையைத்தான் முதலில் பூட்டி வைக்கச் சொல்வேன். மனிதர்களின் கல்லீரல் பாராசிட்டமாலைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றிவிடுகிறது. அந்த இணைப்பைச் செய்யும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. அதனால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உங்கள் பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாத நிலைக்குப் போய், ஈறுகள் பழுப்பு நிறமாகும். முகமும் பாதங்களும் வீங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் அதை உரிய நேரத்தில் கொடுத்தால்தான் பயன். "பூனைக்கு உடம்பு சுடுகிறது, குழந்தை சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு; கூடவே கூடாது.

ஃபினாயிலும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் பூனைக்கு ஆகாது. தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவற்றில் ஃபீனால் வகைப் பொருள்கள் உள்ளன, டெட்டாலும் அப்படித்தான். பூனை அவற்றைத் தேடிப்போய்க் குடிப்பதில்லை. உடம்பில் பட்டதையெல்லாம் நக்கியே துடைத்துக்கொள்வதால் உள்ளே போய்விடுகிறது. பாதத்தில் பட்டது தெரிந்தால், அது நக்குவதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிடுங்கள்.

நாயும் பூனையும் (ஃபேர்லேண்ட்ஸ்):
அந்துருண்டை நாஃப்தலீன், அதை விழுங்கும் பூனையின் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். கற்பூர வில்லை வலிப்பையே வரவழைக்கும் என்பதால், இரண்டையும் மூடியுள்ள டப்பாவில் வைப்பதே நல்லது. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: நாயின் பிடரியில் உண்ணிக்காக விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு உடல் நடுக்கத்தையும் வலிப்பையும் தரும். நாய்க்கு விட்ட அன்று இரண்டையும் ஒரே பாயில் படுக்க விடக்கூடாது.

கொல்லைப்புறம் (ஆத்தூர்):
விஷம் தின்ற பூனைக்குப் பால் ஊற்றினால் முறிந்துவிடும் என்றும், உப்புத் தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவசரத்துக்கு இது உதவாதா?

மருந்துக்கடைக்காரர் (அஸ்தம்பட்டி):
உதவாது ஐயா. பால் எந்த விஷத்தையும் முறிக்காது. உப்பு மிகுந்தால் அதுவே இரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தனி ஆபத்தாகிவிடும். ஃபினாயில், கழிவறை ஆசிட் போன்றவை உள்ளே போகும்போது ஒருமுறை சுட்டிருக்கும். வாந்தி எடுக்க வைத்தால் வெளியே வரும்போது மறுமுறை சுடும். மருத்துவர் சொல்லாமல் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாப்பிட்ட பொருளின் அட்டையையோ புட்டியையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

லில்லியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எக்காள வடிவில் பூக்கும் உண்மையான லில்லி இனங்களில் இலை, பூ, மகரந்தம், ஏன், பூச்சாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மயிரில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே போதும். முதல் நாள் வாந்தியோடு நின்று, பூனை தேறியதுபோலத் தோன்றும். அதை நம்பிக் காத்திருந்தால் சிகிச்சைக்கான நேரம் கைநழுவிவிடும். அந்தச் செடிகளைப் பிடுங்கி, பூனை வளர்க்காத யாருக்காவது கொடுத்துவிடுவதே சரி.

மிளகுக்கொடி (ஏற்காடு):
மிக்க நன்றி ஐயா. லில்லியை எடுத்துவிடுகிறோம். பக்கத்துத் தோட்டத்தில் எலி மருந்து வைக்கிறார்கள். அங்கே செத்த எலியைப் பூனை தின்றால் என்ன ஆகும்?

நாயும் பூனையும் (ஃபேர்லேண்ட்ஸ்):
எந்த மருந்து என்பதை அவர்களிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரோமாடியோலோன் கட்டி என்றால் இரத்தம் உறையும் தன்மை போய்விடும். ஆனால் அறிகுறி தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம் என்பதால், தின்றது தெரிந்த உடனேயே போக வேண்டும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. துத்தநாக பாஸ்பைடு என்றால் வயிற்று அமிலத்தில் நச்சுவாயு கிளம்பும். ஆகவே வழியில் சோறோ பாலோ கொடுக்கக் கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. அதை மட்டுமாவது வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் மருந்து வைக்கும் நாள்களில் பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள்.