புது கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம்: டெமோவில் பார்த்தது, கையில் கிடைத்தது – உங்கள் அனுபவம்?

#1

புது கிராஃபிக்ஸ் கார்டோ, கேம் உருவாக்கும் புது எஞ்ஜினோ அறிவித்த அன்றே இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. "இனி சினிமா வேறு கேம் வேறு இல்லை" என்று ஒரு கட்சி, "எல்லாம் கண்கட்டு, பொய் ஃபிரேம்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பார்த்தது ஒரே வீடியோதான், அதுவும் யூடியூப் அமுக்கிச் சுருக்கிக் கொடுத்தது. அதனால் இந்தத் திரியில் வீடியோ பார்த்த கதை வேண்டாம். கன்ட்ரோலரோ மவுஸோ உங்கள் கையில் இருந்தபோது என்ன தெரிந்தது, அதை எழுதுங்கள்.

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். 2018 ஆகஸ்டில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 கார்டு வரிசையை அறிவித்தபோது எங்கு பார்த்தாலும் ரே டிரேசிங் (ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சத்தையும் பிரதிபலிப்பையும் வரைகிற முறை) பேச்சுதான். செப்டம்பரில் கார்டு கடைக்கு வந்துவிட்டது, ஆனால் ரே டிரேசிங் போட்டு ஆட ஒரு கேம்கூட இல்லை. நவம்பரில் பேட்டில்ஃபீல்டு ஃபைவ் வந்த பிறகுதான் அந்த வசதியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆன் செய்ததும் ஃபிரேம் ரேட் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அன்றைக்குச் சந்தேகப்பட்டவர்கள் கேட்ட கேள்விகளில் முழு நியாயம் இருந்தது, இதை மறுக்கவே முடியாது.

ஆனாலும் ரோட்டர்டாம் மேப்பில் ஒரு டிராம் நிற்கும், அதன் ஜன்னலுக்கு எதிரே நின்றேன். எனக்குப் பின்னால் எரிகிற நெருப்பு அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. பழைய முறையில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் திரையில் ஏற்கெனவே இருக்கிற படத்தை எடுத்துத்தான் அது பிரதிபலிப்பைச் செய்யும். தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்க்கக் குனிந்தால், மேலே இருக்கும் கட்டிடம் திரையை விட்டு நகர்ந்ததும் தண்ணீரிலிருந்தும் அழிந்துபோகும். இத்தனை வருஷமாக நாம் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். டிசம்பரில் வந்த பேட்ச்சுக்கு அப்புறம் வேகமும் நன்றாகவே கூடியது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தொழில்நுட்பம் உண்மை, அது தயார் என்று சொன்ன நேரம்தான் தவறு.

#2

நான் கொஞ்சம் பழைய ஆள், 2011-லிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் யூக்ளிடியான் என்கிற ஆஸ்திரேலிய நிறுவனம் "அன்லிமிட்டெட் டீடெயில்" என்று ஒரு வீடியோ விட்டது. கேம் உருவங்களைக் கட்டும் முக்கோணத் துண்டுகளான பாலிகனே வேண்டாம், எல்லாமே கோடானுகோடிப் புள்ளிகள், மண்ணின் ஒவ்வொரு துகளும் தனித்தனி என்றார்கள். மைன்கிராஃப்ட் உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் இது மோசடி என்றே எழுதினார். டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் நிதானமாக, இன்றைய தலைமுறை இயந்திரங்களில் இதில் ஒரு கேம் வர வாய்ப்பில்லை, சில வருஷம் கழித்து வேண்டுமானால் வரலாம் என்கிற மாதிரி சொன்னார்.

கையில் பிடித்துப் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். இதில் கையில் பிடிக்க எதுவுமே கிடைக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தால் அதே மரம், அதே பாறை, அதே திசையில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரு இலை அசையாது, ஒரு உருவம் நடக்காது, வெளிச்சம் மாறாது. கேம் என்றாலே அசைவுதானே? கடைசியில் அந்த நிறுவனம் லேசர் ஸ்கேன் செய்த நிலப்பரப்புத் தரவுகளைக் காட்டும் வேலைக்குப் போனது. அசையாத பொருளுக்கு அந்த முறை நன்றாகவே பொருந்தும், அதனால் அந்த மாற்றம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்போது இதோடு அன்ரியல் எஞ்ஜின் 5-இல் நுணுக்கமான உருவங்களை வரைகிற நானைட் வசதியை வைத்துப் பாருங்கள். 2020 மே மாதம் பிளேஸ்டேஷன் 5-இல் அன்ரியல் எஞ்ஜின் 5 டெமோ வந்தபோது என் கை தானாகவே அந்தப் பழைய வீடியோவைத் தேடியது, ஏனென்றால் கேட்கிற வாக்குறுதி கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் அடுத்த வருஷம் தெரிந்தது. 2021 மே மாதம் எஞ்ஜினையும் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு மாதிரித் திட்டத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள், கிட்டத்தட்ட 100 ஜிபி. இறக்கினேன். ஒரு பாறையை நோக்கி நடந்து, மூக்கு இடிக்கிற தூரம் வரை போனேன். வழக்கமாக ஏதோ ஒரு தூரத்தில் சட்டென்று மாடல் மாறும், அந்தத் துள்ளலே இல்லை. முக்கோணங்களை 128, 128 ஆகக் கட்டுகளாக்கி, திரையில் அந்தக் கட்டு எத்தனை பிக்சல் பிடிக்கிறதோ அதற்கேற்ற அளவு விவரத்தை மட்டும் எடுத்து வரைகிறது. அவ்வளவுதான், மாயமில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்த முதல் பதிப்பில் நானைட் வளைகிற, உருமாறுகிற பொருட்களுக்கு ஆகாது, ஓட்டை விழுந்த இலை மாதிரி மெட்டீரியலுக்கு ஆகாது என்று அவர்களே ஆவணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எது முடியாது என்று பட்டியல் கொடுக்கிறவர்களை நான் நம்புவேன். "எல்லையே இல்லை" என்பவர்களிடம் ஒரு எக்ஸிகியூட்டபிள் ஃபைல் கேட்பேன்.

#3

அசைவு என்றதும் எனக்கு ஃபிரேம் ஜெனரேஷன்தான் (கேம் வரைந்த ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே புது ஃபிரேம் செய்து நுழைப்பது) ஞாபகம் வருகிறது. நான் ஆடுவது பெரும்பாலும் ஷூட்டர், அதனால் என் கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிவித்த மேடையில் அது முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு நிகரான வேகம் தரும் என்றார்கள். இடையில் மூன்று ஃபிரேம் வரை செய்து நுழைக்கிற வித்தையைச் சேர்த்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு. என் நண்பன் ஒருவன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சரி, வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரே கேம், ஒரே இடம். ஒன்றில் அமைப்புகளைக் குறைத்து உண்மையான 70 ஃபிரேம். இன்னொன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, அடிப்படை 30, ஜெனரேஷன் சேர்த்து 110-க்கு மேல். மூலையில் ஓடுகிற எண்ணை மறைத்துவிட்டேன். "அந்தக் கதவுச் சட்டத்தின் விளிம்பில் குறியை வை, சட்டென்று திரும்பு, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டு வா" என்றேன். இரண்டாவதில் ஒவ்வொரு தடவையும் சட்டத்தைத் தாண்டிப் போய் திரும்பி வந்தான். எதில் ஆடுவாய் என்று கேட்டால் யோசிக்காமல் முதலாவதைக் காட்டினான்.

காரணம் ரகசியமில்லை. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றை நுழைக்க வேண்டுமானால் அந்த இரண்டாவது ஃபிரேம் ஏற்கெனவே தயாராகி, காட்டப்படாமல் காத்திருக்க வேண்டும். படம் வழுக்கிக்கொண்டு போகும், மவுஸ் அசைவு கேமுக்குள் போய்ச் சேருவது அந்த 30-இன் தாளத்தில்தான். ரிஃப்ளெக்ஸ் மாதிரியான வசதிகள் தாமதத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கின்றன, அதற்கு நன்றி. அடிப்படையே 60, 70 இருந்து, கதை சார்ந்த கேமை மெதுவாகச் சுற்றிப் பார்த்து ஆடுகிறவர்களுக்கு இது அருமையான வசதி, நானும் அப்படி ஆடும்போது ஆன் செய்துதான் வைக்கிறேன். அதை "வேகம்" என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

#4

நான் ஒரு கேம் ஸ்டுடியோவில் லைட்டிங் பார்க்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒரு அறைக்குள் ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது, அந்த வெயில் தரையில் பட்டுச் சுவரில் சிவப்பாகத் தெறிக்கிறது. பழைய முறையில் இதைக் கணக்கிட்டு டெக்ஸ்சரில் (பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படத்தில்) பதிய வைக்க ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். காலையில் வந்து பார்த்தால் மேசை அரை அடி தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றும், மறுபடி ஒரு ராத்திரி. நிகழ்நேரத்தில் இதைக் கணக்கிடும் எஞ்ஜினில் முதல் தடவை மேசையை இழுத்தபோது சுவரின் நிறம் கூடவே நகர்ந்தது, எங்கள் வரிசையில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து நின்று பார்த்தோம். அதனால் இது வெறும் விளம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

அதே நேரம், டிரெய்லரில் கேமரா ஏன் எப்போதும் பூப்போல நகர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர்தான் அனுப்ப முடிகிறது. கிடைப்பது புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை முந்தைய ஃபிரேம்களோடு சேர்த்துச் சேர்த்து வடிகட்டித்தான் சுத்தமான படம் வருகிறது. கேமரா நிதானமாகப் போனால் பழைய தகவல் நிறைய இருக்கும், படம் பளிச்சென்று இருக்கும். வேகமாகத் திரும்பினால் புதிதாகத் தெரிகிற ஓரத்துக்குப் பழைய தகவலே இல்லை. அங்கே இரைச்சல் தெரியும், இருட்டு மூலைகள் கொதிக்கிற மாதிரி நெளியும், ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் ஆவி மாதிரி ஒரு தடம் இழுபடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் காட்சிப் படம் எடுக்கும்போது "திரும்புகிற ஷாட் வேண்டாம்" என்று மேலிருந்தே சொல்லிவிடுவார்கள். படத்தில் இருந்தது எல்லாம் எஞ்ஜினில் ஓடியதுதான், ஒன்றும் போலி இல்லை. ஆனால் ஆடுகிறவர் திரும்பத்தானே போகிறார், அதை ஏன் மறைக்க வேண்டும் என்பது எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

#5

சுருக்கமாக. டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் என்விடியா வசதி) முதல் பதிப்பு 2019 பிப்ரவரியில் மெட்ரோ எக்ஸோடஸ் கேமில் வந்தபோது எல்லாவற்றின் மேலும் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. அன்றே அதை எழுதித் தள்ளினேன். 2020-இல் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு கேமுக்கும் தனிப் பயிற்சி என்கிற முறையை விட்டுவிட்டு, பொருட்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்கிற தகவலையும் முந்தைய ஃபிரேம்களையும் வைத்து வேலை செய்தது. தூரத்துக் கம்பிவேலி எனக்கு முழு ரெசல்யூஷனில் பார்ப்பதைவிட ஒழுங்காகத் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் இன்னமும் பலர் 2019 வீடியோவை வைத்துச் சண்டை போடுகிறார்கள், தயவுசெய்து பதிப்பு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், பழைய கார்டு வைத்திருப்பவர்கள் சந்தேகப்படுவதை அறியாமை என்று சொல்லாதீர்கள். மெட்ரோவின் 2021 மேம்பட்ட பதிப்பு ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் ஓடாது, 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் அப்படித்தான். எங்களுக்கு இது அழகு பற்றிய விவாதம் இல்லை, கேம் ஓடுமா ஓடாதா என்பதுதான்.

#6

#4 நண்பருக்கு ஒரு கேள்வி. புது கேமை வாங்கியதும், பணம் திரும்பக் கிடைக்கிற நேரத்துக்குள், நாங்கள் என்ன செய்து பார்த்தால் இந்தக் குறையெல்லாம் வெளியே வரும்?

#7

கேமுக்குள் ஒரு விளக்கை அணைத்துப் பாருங்கள். அணைக்க முடியாத கேம் என்றால் இருட்டு அறையின் கதவைத் திறந்து சட்டென்று மூடுங்கள். வெளிச்சம் உடனே போகாமல் சுவரில் தேய்ந்து தேய்ந்து மறைந்தால் பழைய ஃபிரேம்களை நிறைய நம்பியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, உங்கள் பாத்திரத்தைக் கம்பிவேலிக்கோ புல்லுக்கோ முன்னால் பக்கவாட்டில் ஓடவிட்டு, கால்களைச் சுற்றி மட்டும் கவனியுங்கள். இதையெல்லாம் மெனுவில் உள்ள அழகான முன்னமைப்பில் செய்யாதீர்கள், நீங்கள் உண்மையில் ஆடப்போகிற அமைப்பில் செய்யுங்கள். கேம் உள்ளே வரைகிற ரெசல்யூஷன் குறையக் குறைய இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் உடையும்.