டிராகன் பால் ரசிகர் தொடர்கள்: எதைப் பார்க்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. டிராகன் பால் சூப்பர் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் 2018 மார்ச்சில் 131ஆவது எபிசோடோடு டிவியில் முடிந்தது. அப்புறம் மோரோ, கிரானோலா என்ற பாத்திரங்களின் கதைகள் அதன் மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸில்) வந்தன. ரசிகர்கள் தாங்களே அனிமேஷன் செய்த தொடர்ச்சிகளைப் பார்க்க ரொம்ப ஆசை. ஆனால் யூடியூபில் தேடினால் 'புது சீசன்' என்ற தலைப்பில் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியவைதான் முதலில் வருகின்றன. உழைத்து வரைந்தவர்களின் வீடியோ அடியில் புதைந்துவிடுகிறது, அதுதான் வருத்தம்.

சொந்தமாக வரைந்து, குரலும் கொடுத்து, ஒரு கதைப் பகுதியையாவது முடித்த தொடர் எது? மாங்காவைத் தழுவியதும் சரி, 64 எபிசோடு கொண்ட 'டிராகன் பால் ஜிடி' தொடருக்குப் பிறகு நடக்கும் புதுக் கதையும் சரி. சண்டை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கதையின் முக்கிய வீரன் வெஜிட்டா தன் இயல்பு மாறாமல் வெஜிட்டாவாகப் பேச வேண்டும். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும். வரைந்தவர்களின் சொந்த சேனல் பெயரையே சொல்லுங்கள், மறுபதிவு வேண்டாம்.