நிகழ்ச்சித் தேக்கி: ‘டிவிஆர்’ கருவிக்கு ஒரு பெயர்

அன்பர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பிறகு பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும், ‘டிவிஆர்’ (டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர்) என்று வழங்கும் கருவிக்கு ‘இலக்கவியல் நிகழ்படப் பதிவி’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முதற்சொல் தேவையற்றது என்பதும், கடைசிச் சொல் கருவியின் தனித்தன்மையைத் தொடவில்லை என்பதும் என் கருத்து.

மலேசியாவில் 1978 இறுதியில் வண்ண ஒளிபரப்பு வந்தபோது ‘கலர் டிவி’ என்பது பெருமைக்குரிய பெயராக இருந்தது. இன்று அந்த அடைமொழியை யாரும் சேர்ப்பதில்லை. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதியோடு நாடு முழுவதும் நின்றுவிட்டதால், ‘இலக்கவியல்’ என்ற அடைக்கும் இனி அதே கதிதான். மேலும் மலேசியாவில் நாம் இலக்கவியல் என்பதைச் சிங்கப்பூரில் மின்னிலக்கம் என்பார்கள், இலங்கையில் இலக்கமுறை என்பார்கள். இந்த வழக்குத் தீரும்வரை நம் பெயர் ஏன் காத்திருக்க வேண்டும்?

‘பதிவி’ என்பதில்தான் எனக்கு முதன்மையான மறுப்பு உண்டு. (அவசரத்தில் தட்டச்சினால் அது ‘பதவி’ ஆகிவிடுவது வேறு கதை.) பதியும் வேலையை வீடியோ டெக்கும் செய்தது. ஆனால் 180 நிமிட நாடாவில் நாடகம் பதிவாகிக்கொண்டிருக்கையில் அதன் தொடக்கத்தைப் பார்க்க வழியில்லை. நாடா ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ, ரீப்ளேடிவி ஆகிய பெட்டிகள் நாடாவை நீக்கி வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) வைத்தன. தட்டில் எழுதவும் படிக்கவும் செய்யும் முனை நொடிக்குப் பலமுறை தாவித் தாவி, ஓரிடத்தில் எழுதியபடியே வேறோரிடத்தில் படிக்கும் என்பதால், நேரலையை நிறுத்தவும் பின்னோக்கிச் செல்லவும் முடிந்தது. யாரும் கேட்காமலேயே கடைசி 30 நிமிட ஒளிபரப்பை டிவோ தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. அது பதிவு அன்று, தேக்கம்.

இந்தச் சொல்லை நான் அகராதியில் தேடிப் பிடிக்கவில்லை. சுங்கை சிப்புட் அருகே நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குழாய்த் தண்ணீர் காலையில் சற்று நேரமே வரும். தொட்டியில் பிடித்து வைத்தால்தான் மாலைக்கு உண்டு. பின்னாளில் டவுனுக்குக் குடிவந்து டிவிஆர் பெட்டியும் வாங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் அம்மா வாசலில் நின்று, “தம்பி, நாடகத்தப் பிடிச்சு வெச்சிருப்பா” என்பார். ‘ரெக்கார்ட்’ என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. தண்ணீரைப் போலவே நாடகத்தையும் பிடித்து வைப்பது, அதுதான் தேக்குவது.

உவமை இன்னும் ஒருபடி பொருந்துகிறது. செயற்கைக்கோளிலிருந்து இறுக்கப்பட்ட வடிவில் வரும் தரவை, அதை நேரடியாக வாங்கும் டிவிஆர் பெட்டிகள் மறுபடி உருமாற்றாமல் வந்தபடியே தட்டில் எழுதுகின்றன. பெருமழையில் அலை வலுவிழந்து படம் சிதறினால், இரவு போட்டுப் பார்க்கும்போதும் அதே இடத்தில் சிதறும். கலங்கல் தண்ணீரைப் பிடித்தால் தொட்டியிலும் கலங்கல்தான்.

ஆகவே ‘நிகழ்ச்சித் தேக்கி’ என்ற பெயரை முன்மொழிகிறேன். மின்சுற்றுகளில் வரும் ‘மின்தேக்கி’ (கெப்பாசிட்டர்) ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் வந்ததை வைத்திருந்து பிறகு விடுவதுதான் என்பதால் நான் இதை உறவாகவே பார்க்கிறேன். தேக்கு, தேக்கிய நிகழ்ச்சி, தேக்க அளவு எனச் சொல் கிளைப்பதும் எளிது.

ஒன்றை மட்டும் பிரித்துவிட வேண்டும். கண்காணிப்புக் கேமராவோடு கடைகளில் பொருத்தும் பெட்டியையும் ‘டிவிஆர்’ என்றே விற்கிறார்கள். அதற்குச் சான்றாகப் பதிந்து வைப்பதே முதல் வேலை என்பதால், ‘பதிவி’ என்ற பெயரை அதற்கே விட்டுவிடலாம்.